லூயி பாஸ்ச்சரும் திராட்சமதுவும்

வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்டவர் என்றும், பாலை இளஞ்சூட்டில் வைத்துக் கெடாது காக்கும் முறைக்குத் தம் பெயரை ஈந்தவர் என்றும் லூயி பாஸ்ச்சரை மாணவர் யாவரும் அறிவர். ஆயின் அவர் அம்முறையை முதலிற் கையாண்டது பாலுக்கன்று, திராட்சமதுவுக்கே என்பதை அறிந்தோர் சிலரே. சிவப்புத் திராட்சமதுவை அளவோடு அருந்துதல் தேகத்திற்கு நன்மை பயக்கும் என்று வாதிப்போர் அப்பெரியாரையே தமக்குச் சான்றாக அழைப்பதுண்டு. அவர் கருதியது யாது, எக்காலத்து எந்நிலையிற் கருதினார் என்பவற்றை அவருடைய சரித்திரமே விளக்கும்.

பாஸ்ச்சர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், பிரான்சு தேசத்தின் கிழக்கிலுள்ள டோல் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் நெப்போலியனுடைய சேனையிற் பணிபுரிந்து, பின் தோல் பதனிட்டுப் பிழைத்தவர். குடும்பம் விரைவில் ஆர்புவா என்னும் சிற்றூரிற் குடியேறிற்று. அவ்வூரைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்களே. ஊராரின் வாழ்வும் தாழ்வும் அவ்வாண்டின் மது தேறுவதையும் கெடுவதையும் பொறுத்திருந்தன. பள்ளிப் பருவத்தில் அவர் வண்ண ஓவியம் தீட்டுவதில் வல்லவராயிருந்தார். பாரிஸ் நகரத்துக் கலாசாலையை அடைந்தபின் இரசாயன சாஸ்திரம் அவரை முற்றிலும் ஆட்கொண்டது.

1848-இல் அவர் கண்ட முதற் பேருண்மையும் மதுப் பீப்பாயிலிருந்து தோன்றியதே எனலாம். பீப்பாய்களிற் படியும் உப்பினின்று எடுக்கப்படும் டார்டாரிக் அமிலத்தின் இனத்தைச் சேர்ந்த ஓர் உப்பை ஆராய்ந்தபோது, அதன் பளிங்குகள் இருவகைப்பட்டன என்றும், வலக்கையும் இடக்கையும் போல ஒன்று மற்றொன்றின் கண்ணாடி நிழலாக அமைந்தன என்றும் அவர் கண்டறிந்தார். 1854-இல் லீல் நகரத்துப் பேராசிரியராகிய அவரை, கிழங்குச் சாற்றிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலையதிபர் ஒருவர் உதவி வேண்டினார். சாறு ஏன் சில தொட்டிகளிற் கெடுகிறது என்பதே கேள்வி. நொதித்தல் வெறும் இரசாயன மாறுபாடன்று, கண்ணுக்குப் புலனாகாத உயிர்களின் செயலே என்னும் முடிவுக்கு அவரை அழைத்துச் சென்ற வழி அங்கே தொடங்கிற்று.

1863-இல் மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தி அவரை அழைத்து, பிரஞ்சு மது கெட்டுப்போவதன் காரணத்தை ஆராயுமாறு பணித்தார். பாஸ்ச்சர் தம் சொந்த ஊராகிய ஆர்புவாவிலேயே ஒரு சிறு ஆராய்ச்சிச்சாலை அமைத்தார். புளித்த மது, கசந்த மது, நூல்போல் இழுபடும் மது ஆகிய ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கிருமி இருக்கக் கண்டார். ஒரு துளியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்து நோக்கி, அம்மது எவ்வாறு கெட்டுள்ளது என்பதைச் சுவையாமலே சொல்ல அவரால் இயன்றது. மருந்தொன்றும் சேர்க்காமல், மதுவைச் சிறிது நேரம் 50 முதல் 60 சென்டிகிரேடு பாகை வரை சூடாக்கினாற் போதும், கிருமிகள் மாயும், மது நிற்கும் என்று காட்டினார். சூடேற்றிய மது சுவை குன்றும் என்று வியாபாரிகள் அஞ்சினர். சோதனைக்கு வந்த நிபுணர்க்கு ஒரே மதுவை இரு கிண்ணங்களிற் கொடுத்தபோதும் அவர்கள் வேற்றுமை கண்டார்களாம். நாவினும் மனமே முந்திச் சுவைக்கிறது போலும். அவர் இம்முறைக்கு உரிமைச்சாசனம் பெற்றும், அதனால் பொருளீட்ட விரும்பாது அனைவர்க்கும் பொதுவாக்கினார்.

இவ்வாராய்ச்சியைத் தொகுத்து 1866-இல் வெளியிட்ட நூலிலேதான், மாந்தர் வழங்கும் பானங்களுள் மிக்க ஆரோக்கியமும் தூய்மையும் உடையது திராட்சமதுவே எனக் கருதலாம் என்று அவர் எழுதினார். மற்றைப் பானங்களோடு ஒப்பிட்டுக் கூறிய கூற்று இது என்பது கருதற்பாலது. அக்காலத்து ஐரோப்பிய நகரங்களின் குடிநீர் எத்தகையது? கழிவுநீரும் கிணற்றுநீரும் கலந்த ஊர்கள் பல. வாந்திபேதியும் டைபாய்டு ஜுரமும் அவற்றில் வந்து வந்து சென்றன. மதுவின் அமிலமும் சாராயமும் அந்நோய்க் கிருமிகளை அழிக்க வல்லவை எனப் பிற்காலத்துச் சோதனைகளும் காட்டின. தண்ணீரை விட்டுச் சிறிது திராட்சரசம் கொள்ளுமாறு பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவுக்கு ஆலோசனை கூறியதற்கும் இத்தகைய காரணம் இருந்திருக்கலாம்.

பாஸ்ச்சரின் மூத்த மகள் ழான் 1859-இல் ஒன்பது வயதில் டைபாய்டு ஜுரத்தால் இறந்தாள். அவருடைய மது நூல் வெளிவந்த 1866-ஆம் ஆண்டிலேயே, பன்னிரண்டு வயதுடைய மற்றொரு மகள் செசீலும் அதே ஜுரத்திற்கு இரையானாள். இடையில் 1865-இல் தந்தையாரையும் இரண்டு வயதுக் குழந்தை கமீலையும் அவர் இழந்திருந்தார். டைபாய்டின் கிருமி 1880-ஆம் ஆண்டு வரையிற் கண்டறியப்படவில்லை. மக்கள் எதனாற் செத்தார்கள் என்று அறியாமலே, அவர் பீப்பாய்களின் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

1884-இல் அவருடைய ஆராய்ச்சிச்சாலையிலேயே, அவர்தம் உதவியாளர் சேம்பர்லண்டு என்பவர், பீங்கான் குழாயினூடே நீரைச் செலுத்திக் கிருமி நீக்கும் வடிகலத்தை அமைத்தார். தண்ணீர் தூய்மையாகவே, மதுவின் மேன்மைக்கிருந்த பழைய காரணம் நழுவிற்று. எனினும் 1931-இல் பிரான்சில் மதுப் பிரசாரத்திற்கென நிறுவப்பட்ட குழுவினர் பாஸ்ச்சர் பெயரை விளம்பரங்களிற் பொறித்தனர். கிணற்றுநீரைப் பற்றி மட்டும் பேசினாரில்லை. கொழுப்புணவு மிகுதியாயுண்ணும் பிரஞ்சுக்காரர்க்கு இருதயநோய் குறைவென்றும், அதற்குச் சிவப்பு மது காரணமாகலாமென்றும் 1992-இல் புதியதொரு வாதம் எழுந்தது. திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெரட்ரால் என்னும் பொருளைச் சிலர் புகழ்ந்தனர். அது மதுவில் மிகச் சொற்பமே. நோயினாற் குடியை விட்டவர்களையும் குடியாதாரோடு சேர்த்து எண்ணியமையால், குடியாதார் பிணியாளராகவும் அளவாய்க் குடிப்போர் நலமுடையோராகவும் தோன்றினர் என்பதைப் பின்வந்தோர் எடுத்துக்காட்டினர். சாராயம் புற்றுநோய் விளைப்பது என்பது 1988-இலேயே சர்வதேச ஆராய்ச்சியாளரால் உறுதிசெய்யப்பட்டது. ஆரோக்கியத்திற்குத் தீங்கற்ற அளவு என ஒன்று மதுவிற்கில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2023-இல் அறிவித்தது. தம் கருத்தையும் சோதனைக்குட்படுத்தத் தயங்காத பாஸ்ச்சர், இவற்றைக் காண நேர்ந்திருப்பின் மறுத்திரார் என்பது எம் துணிபு.

சரித்திரத்திற்கு மீள்வோம். 1868-இல் வாதநோய் கண்டு அவருடைய இடப்பாகம் செயலற்றது. ஆயினும் உழைப்பு நிற்கவில்லை. 1878-இல் ஆர்புவாவை அடுத்த தம் திராட்சைத் தோட்டத்திற் கண்ணாடிக் கூடுகள் அமைத்து, காற்றிலுள்ள நுண்ணுயிர் படாது காத்த பழத்தின் சாறு நொதிப்பதில்லை என்று மெய்ப்பித்தார். 1885 ஜூலை 6-இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு வெறிநாய்க்கடிச் சிகிச்சை தொடங்கினார், பிள்ளை பிழைத்தான். 1888-இல் அவர் பெயரால் பாரிஸில் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது.

1895 செப்டம்பர் 28-ஆம் நாள், திராட்சை பறிக்கும் பருவத்தில், பாரிஸுக்கு அணித்தான வில்நவ்-லெடாங் என்னுமிடத்தில் அவர் உயிர் பிரிந்தது. மறு ஆண்டில் அவருடல் அந்நிலையத்தின் நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டது. அம்மண்டபத்தின் வண்ணக்கல் சித்திரங்களில், அவர் ஆராய்ந்த ஆடுகளுக்கும் நாய்களுக்கும் முசுக்கட்டை இலைகளுக்கும் நடுவே, திராட்சைக்கொடியும் படர்ந்திருக்கிறது.