கண்ணீருக்கு அசையாத காஜி

காஜி ஷுரைஹ் (ரஹ்) அவர்களை நீங்கள் அறிந்திருப்பீர்கள். யமன் நாட்டவர். கலீபா உமர் (ரலி) அவர்கள் (ஆட்சி: கி.பி. 634–644) வாங்கிய குதிரை, ஓட்டிப் பார்க்கையில் ஊனமுற்றது. விற்றவர் திரும்பப் பெற மறுத்தார். நடுவராய் அமர்ந்த ஷுரைஹ் அவர்கள், வாங்கியதை வைத்துக்கொள்க, அன்றேல் வாங்கிய நிலையிலேயே திருப்பித் தருக எனத் தீர்ப்பளித்தார்கள். தமக்கு எதிரான அத்தீர்ப்பை மெச்சிய கலீபா, அவர்களைக் கூஃபாவின் காஜியாக்கினார்கள். ஏறத்தாழ 60 ஆண்டுகள் அப்பணியாற்றியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுவர்.

மகனார் ஒருமுறை, தம் பக்கம் நியாயம் இருந்தால் வழக்காடலாமா என வினவினார். வழக்காடச் சொன்ன காஜி, அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தார்கள். முன்னரே சொல்லியிருந்தால், மகன் சமரசம் பேசிப் பிறர் உரிமையில் ஒரு பங்கைப் பெற்றிருப்பார் என்பதே காரணம்.

மற்றொரு நாள், அழுது முறையிட்ட பெண்ணுக்காக அறிஞர் ஷஅபி (ரஹ்) இரங்கினார்கள். யூசுப் நபி (அலை) அவர்களின் சகோதரர்களும் தந்தையிடம் அழுதுகொண்டே வந்ததைக் காஜி நினைவூட்டினார்கள்.

அன்பர்களே! சட்டம் அறிந்தோர் பலர். மனித மனம் அறிந்தோர் சிலரே. வீட்டிலும் ஜமாஅத்திலும் பிணக்குத் தீர்க்க அமரும்போது, வந்தவரின் கண்ணீரோடு, வராதவரின் சொல்லையும் கேட்போமாக. அல்லாஹ் அருள்வானாக!