திரும்பி வராத விமானங்களைக் கணக்கிட்டவர்

உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்த ஒரு விமானப் படம் உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். 'சர்வைவர்ஷிப் பயாஸ்' என்றாலே அந்தப் படம்தான். படம் பிற்காலத்தில் விளக்கத்துக்காக வரைந்தது. அதுக்குப் பின்னாடி இருக்கிற மனுஷன் நிஜம். பேர் ஆபிரகாம் வால்ட்.

1902-ல் க்ளூஜ் நகரத்தில் பிறந்தார். அப்போ அது ஆஸ்திரியா-ஹங்கேரி, இன்னைக்கு ருமேனியா. யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். பள்ளியோ அன்னைக்கும் வரச் சொன்னது. அதனால வீட்டிலேயே படித்தார். 1931-ல் வியன்னாவில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். யூதர் என்பதால் பல்கலைக்கழக வேலை மட்டும் கிடைக்கவில்லை. பொருளாதார அறிஞர்களிடம் வேலை பார்த்துதான் பிழைப்பு ஓடியது. 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் அமெரிக்கா போய்விட்டார். ஐரோப்பாவில் மாட்டிக்கொண்ட அவர் குடும்பத்தில் கிட்டத்தட்ட எல்லாரையும் நாஜிகள் கொன்றார்கள்.

இரண்டாம் உலகப் போரில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த புள்ளியியல் ஆய்வுக் குழு ராணுவத்துக்காக வேலை செய்தது. அங்கேதான் வால்டுக்கு இந்தக் கேள்வி வந்தது: விமானத்தில் எந்த இடம் குண்டு பட்டால் தாங்காது?

முழு விமானத்துக்கும் கவசத் தகடு போட்டுட்டா என்ன என்று தோணும். தகடு கனம். அந்தக் கனத்துக்கு எரிபொருளையோ குண்டுகளையோ குறைக்கணும், விமானமும் மந்தமாகும். அதனால முக்கியமான இடத்துக்கு மட்டும்தான் போட முடியும். கையில் இருந்த தகவலோ, திரும்பி வந்த விமானங்களில் இருந்த ஓட்டைகள் மட்டும்தான். விழுந்த விமானத்தில் போய் யார் ஓட்டை எண்ணுவது?

மீம்களில் வால்ட் ஒரே வரியில் தளபதிகளை வாயடைக்க வைப்பார். உண்மையில் அவர் எழுதியது எட்டுக் குறிப்புகள், முழுக்கச் சமன்பாடுகள். அதில் ஒரு மாதிரிக் கணக்கு: 400 விமானங்கள் போகின்றன, 380 திரும்புகின்றன. அதில் 320-க்கு ஒரு அடியும் இல்லை. 32-க்கு ஓர் அடி, 20-க்கு இரண்டு, 4-க்கு மூன்று, 2-க்கு நான்கு, 2-க்கு ஐந்து. அடி படாத விமானம் விழாது, ஒவ்வொரு அடியிலும் தப்பிக்கும் வாய்ப்பு ஒரே அளவு என்று வைத்துக்கொண்டால், விழுந்த 20 விமானங்களைப் பார்க்காமலேயே விடை வருகிறது: ஓர் அடிக்குத் தப்பிக்கும் வாய்ப்பு சுமார் 85 சதவீதம். கால்குலேட்டர் எடுத்துப் போட்டுப் பாருங்க, சரியா வரும்.

அடுத்து இதையே பாகம் பாகமாகப் பிரித்தார். குண்டு எந்தப் பாகத்தில் எவ்வளவு விழ வாய்ப்பு இருக்கு என்று தெரிந்தால் போதும். திரும்பி வந்தவற்றில் எங்கே ஓட்டை எதிர்பார்த்ததைவிடக் குறைவோ, அங்கேதான் ஆபத்து அதிகம். அவருடைய மாதிரிக் கணக்கில் அது இன்ஜின். அங்கே அடி வாங்கியவை நிறைய திரும்பவே இல்லை.

நம்ம காலேஜிலும் பிளேஸ்மென்ட் ஆன சீனியர்கள்தான் மேடை ஏறி 'இப்படிப் படிச்சேன்' என்று பேசுவார்கள். அதே மாதிரி படித்தும் வேலை கிடைக்காதவங்களுக்கு யாரும் மைக் கொடுப்பதில்லை. பாதி டேட்டாவை வைத்துத்தான் நாம பிளான் போடுறோம்.

1950-ல் இந்திய அரசு அழைத்து வால்ட் மனைவியோடு இங்கே வந்தார். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் போனார். டிசம்பர் 13 அன்று அவர்கள் போன ஏர் இந்தியா டி.சி.-3 விமானம் நீலகிரியில், கோத்தகிரி பக்கம் மலையில் மோதியது. இருவரும் இறந்தார்கள். அவருக்கு வயது 48. மகன் ராபர்ட்டுக்கு அப்போது மூன்று வயது. பின்னாளில் பொதுச் சார்பியலில் பெரிய இயற்பியலாளர் ஆனார்.

வால்டின் குறிப்புகள் 1980-ல் மறுபடி அச்சிடப்பட்டன. அடுத்த தடவை கோத்தகிரிக்கு டூர் போனால், அந்த மலையை ஒரு நிமிஷம் பாருங்க. மீமில் வருகிற ஆள் நம்ம ஊர் மலையில்தான் இறந்தார்.