வாசகர்கள் சண்டை போட்ட எழுத்தாளர்

இந்த மலரில் ஒரு பெரியவரின் வாழ்க்கையைப் பற்றி எழுதிக் கொடு என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, மெக்கானிக்கல் படித்தவன்தானே, விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றியோ ஜி. டி. நாயுடுவைப் பற்றியோ எழுதுவான் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியை. விடுதியில் இரவு ஒரு மணிக்கு மேல் விளக்கை அணைக்காமல் பொன்னியின் செல்வன் படித்து, மறுநாள் காலை தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் தூங்கிய நம் பேட்ச் ஆட்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

1899 செப்டம்பர் 9-ஆம் தேதி, மாயவரத்துக்குப் பக்கத்தில் புத்தமங்கலம் என்ற சின்ன கிராமத்தில் பிறந்தவர். அப்பா ராமசாமி ஐயர் ஊர்க் கணக்குப் பார்த்தவர். வசதியான குடும்பம் கிடையாது. திருச்சியில் ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்த பையன், 1921-ல் இறுதிப் பரீட்சை நெருங்கும் சமயத்தில் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டுவிட்டு வெளியே வந்தார். மறுவருடம் ஜெயில், ஒரு வருட தண்டனை. அதாவது, கையில் ஒரு சர்டிபிகேட்கூட இல்லாத மனிதர் அவர். இதைப் பட்டதாரிகள் சங்க மலரில் எழுதுவதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு.

1923-ல் திரு.வி.க.வின் நவசக்தியில் உதவி ஆசிரியர் வேலை. பிறகு ராஜாஜி திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் நடத்திய காந்தி ஆசிரமத்துக்கு வந்தார். நம்ம திருப்பூரிலிருந்து ஈரோடு வழியாக பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். கதர், மதுவிலக்கு, ராட்டினம் என்று ஓடிக்கொண்டிருந்த இடம். பனியன் ஊர் ஆவதற்கு முன்னால் திருப்பூரும் கதருக்குப் பேர்போன ஊர்தான். மதுவிலக்குக்காக ராஜாஜி நடத்திய விமோசனம் பத்திரிகையை அவருடன் இருந்து தயாரித்தார். குடியால் குடும்பம் கெடுவதைக் கதையாகச் சொன்னால்தான் ஜனங்கள் காது கொடுப்பார்கள் என்ற பாடத்தை அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அதற்கப்புறம் எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடன். அங்கே அவர் கை வைக்காத துறை இல்லை. நகைச்சுவை, அரசியல், கர்நாடகம் என்ற பெயரில் சங்கீத விமர்சனம். இவை எல்லாவற்றையும் விட ஊரைப் பிடித்து ஆட்டியது தொடர்கதை. 1937-ல் கள்வனின் காதலி வந்தது. முத்தையன் திருடன், கல்யாணி அவனை விரும்பியவள். இரண்டு பேரும் சேர்ந்து வாழ ஆசிரியர் விடவில்லை. அப்போதிருந்தே ஆரம்பித்துவிட்டது வாசகர்களுக்கும் கல்கிக்குமான வழக்கு!

இதை ஒன்றும் தமிழ்நாட்டுக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸ் தவணை தவணையாகக் கதை எழுதினார். 1841-ல் நெல் என்ற சிறுமியின் கதை முடியப்போகும் நேரத்தில், அவளைச் சாக விட்டுவிடாதீர்கள் என்று வாசகர்கள் கடிதம் எழுதிக் கெஞ்சினார்கள். அவர் கேட்கவில்லை. இருபது வருடம் கழித்து, பிப் என்ற பையனும் எஸ்டெல்லா என்ற பெண்ணும் வரும் நாவலில், இருவரும் பிரிந்துபோவதாக முடித்து வைத்திருந்தார். நண்பரான இன்னொரு நாவலாசிரியர் படித்துவிட்டு, இது ஜனங்களுக்குப் பொறுக்காது என்று சொல்ல, இருவரும் மறுபடி சந்தித்துக் கைகோத்துப் போவதாக மாற்றிவிட்டார். வாராவாரம் அல்லது மாதாமாதம் காத்திருந்து படிக்கிறவனுக்குக் கதாபாத்திரம் வீட்டு மனுஷன் மாதிரி ஆகிவிடுகிறது. நடுவில் உள்ள நாட்களில் அவனே மனசுக்குள் கதையை நகர்த்திக்கொண்டு போகிறான். ஆசிரியர் வேறு பக்கம் திருப்பினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

டிக்கன்ஸ், ஸ்காட், டூமா எல்லோரையும் படித்த கல்கிக்கு இந்த நாடித்துடிப்பு நன்றாகவே தெரியும். 1938-39-ல் தியாகபூமி எழுதினார். கே. சுப்ரமணியம் அதையே படமாக எடுத்துக்கொண்டிருக்க, படத்தின் ஸ்டில்களே விகடனில் தொடருக்குச் சித்திரங்களாக வந்தன. புருஷன் கைவிட்ட சாவித்திரி, பணக்கார உமாராணியாகத் திரும்பி வருகிறாள். புருஷன் கோர்ட்டுக்குப் போய், என்னோடு வந்து குடித்தனம் நடத்த வேண்டும் என்று வழக்குப் போடுகிறான். வேண்டுமானால் அவருக்கு நான் ஜீவனாம்சம் கொடுக்கிறேன் என்ற நிலைக்கு அவள் போகிறாள்; கடைசியில் தேச சேவைக்குக் கிளம்புகிறாள். 1930-களில் இதைப் படித்துக் கைதட்டியவர்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு. படத்தை ஆங்கில அரசாங்கம் தடை செய்தது தேசபக்திக்காக. வீட்டுத் திண்ணைகளில் சண்டை நடந்தது சாவித்திரிக்காக.

1941-ல் தனிநபர் சத்தியாகிரகத்தில் மறுபடி ஜெயிலுக்குப் போய்வந்தவர், விகடனுக்குத் திரும்பவில்லை. நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து அதே வருடம் ஆகஸ்டில் கல்கி பத்திரிகையைத் தொடங்கினார். முதலுக்குப் பணம் வேண்டுமே! சதாசிவத்தின் மனைவி எம். எஸ். சுப்புலட்சுமி, சாவித்திரி படத்தில் நாரதராக ஆண் வேஷம் கட்டி நடித்துச் சம்பாதித்துக் கொடுத்தார். பார்த்திபன் கனவு தொடராக வந்தது. அதில் விக்கிரமனும் குந்தவியும் சேர்ந்தார்கள், எல்லோருக்கும் திருப்தி.

1944 முதல் 1946 வரை சிவகாமியின் சபதம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

எங்க வீடு திருப்பூர் ராயபுரத்தில். முன்பக்கம் நாலு பவர் டேபிள் போட்ட சின்ன பனியன் யூனிட், பின்பக்கம் குடித்தனம். என் அப்பாவின் அக்கா, எனக்கு அத்தை, செக்கிங் டேபிளில் உட்கார்ந்து பீஸ் பார்த்த காலம் அது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பழைய கல்கி இதழ்களிலிருந்து கிழித்து பைண்டு பண்ணின சிவகாமியின் சபதம் அவங்ககிட்ட இருந்தது. சாப்பாட்டு வேளையில் மற்ற பெண்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாங்க. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள்தான் அதிகமாகக் கேட்டார்கள் என்று அம்மா சொல்லுவாங்க.

கதை உங்களுக்குத் தெரியும். ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமிக்கும் பல்லவ இளவரசர் மாமல்லருக்கும் காதல். சிற்பி மகள் பட்டத்துக்கு வருவதை மகேந்திர சக்கரவர்த்தி விரும்பவில்லை. சளுக்கியர் அவளை வாதாபிக்குத் தூக்கிப் போய்விடுகிறார்கள். மாமல்லர் மாறுவேஷத்தில் போய்க் கூப்பிடும்போது, வாதாபியைக் கொளுத்திவிட்டு என்னை அழைத்துப் போங்கள், அதுவரை வரமாட்டேன் என்று சபதத்தில் நிற்கிறாள். அதற்கு ஒன்பது வருடம் ஆகிறது. சரித்திரத்தில் வாதாபி விழுந்த வருடம் 642. ஊர் எரிந்து, அவள் காஞ்சிக்குத் திரும்பி வந்து பார்த்தால், அவருக்குப் பாண்டிய ராஜகுமாரியோடு கல்யாணம் முடிந்து இரண்டு குழந்தைகள். சிவகாமி ஏகம்பர் சந்நிதியில் இறைவனையே கணவனாக வரித்துக்கொள்கிறாள்.

செக்கிங் டேபிளில் இதைப் பற்றி இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு மாமல்லர் மேல் கோபமே இல்லை. ராஜாவுக்கு இரண்டு ராணி இருந்தால் என்ன, அத்தனை வருஷம் காத்திருந்தவள் இளைய ராணியாகவாவது போயிருக்கலாமே, ஏன் இந்த ஆசிரியர் அவளை இப்படிச் சாமி சந்நிதியில் நிறுத்தினார் என்று அழுகை. என் அத்தை அடுத்த கட்சி. போகாமல் இருந்ததுதான் சரி என்பாங்க. அத்தை இருபத்து நாலு வயதில் புருஷனை இழந்தவர். இரண்டு வருஷம் கழித்து, உறவில் வசதியான ஒருவருக்கு ரெண்டாந்தாரமாகப் பேசி, வீட்டுப் பெரியவர்கள் கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டார்கள். முதல் மனைவி உயிரோடு இருந்தார். அத்தை முடியாது என்று சொன்னாங்க. அதற்கு முன்னால் அந்தப் புத்தகத்தைப் படித்தாரா, பின்னால் படித்தாரா என்று எனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. அத்தையிடமே கேட்டேன், சிரித்துவிட்டு எழுந்து போயிட்டாங்க. கடைசிவரை பீஸ் பார்த்துச் சம்பாதித்துத்தான் சாப்பிட்டாங்க.

இதில் நம்மைப் போன்றவர்கள் ஒரு வாதம் சொல்வோம்: சரித்திரக் கதை, ராஜா யாரைக் கட்டினார் என்பதை ஆசிரியர் மாற்ற முடியுமா? இந்த வாதம் நிற்காது. மாமல்லர் கல்வெட்டில் இருக்கிறார், புலிகேசி இருக்கிறார். சிவகாமி கிடையாது. அவள் முழுக்க முழுக்கக் கல்கியின் கற்பனை. பட்டத்தரசியாக ஆக்க முடியாவிட்டாலும், வேறு எப்படி வேண்டுமானாலும் அவளுக்கு ஒரு வாழ்வைக் கொடுத்திருக்கலாம். தடை சரித்திரத்தில் இல்லை, அவர் மனசில்தான் இருந்தது. இளைய ராணியாக அனுப்பினால் அந்த ஒன்பது வருடத்துக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும் என்று நினைத்திருப்பார். அத்தையின் கட்சிதான் கல்கியின் கட்சி என்று எனக்குத் தோன்றுகிறது. அதே சமயம் ஒரு மனத்தாங்கலும் உண்டு. சபதத்தை நிறைவேற்றுவதற்குள் இன்னொருத்தியைக் கட்டிய மாமல்லர் அரண்மனைக்குப் போகிறார். விலை முழுவதையும் கொடுத்தது அந்தப் பெண். சாவித்திரியைப் படைத்தவர், சிவகாமியையும் கோவிலுக்கு வெளியே ஒரு நாட்டியப் பள்ளிக்காவது அனுப்பியிருக்கலாம்.

வாசகர்களின் பாசத்தை அவர் கதைக்கு மட்டும் பயன்படுத்தவில்லை. எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். பணம் வந்து குவிந்தது. 1947-ல் மண்டபம் திறக்கப்பட்டது. அலை ஓசை 1948-49-ல் வந்தது. தன் எழுத்தில் நிலைக்கக்கூடியது இதுதான் என்று அவரே கருதினார். வாசகர்கள் அதில் கட்சி மாறவில்லை, அவர்கள் இன்னமும் வந்தியத்தேவன் பக்கம்தான்.

பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர் 29-ல் தொடங்கி மூன்றரை வருடத்துக்கு மேல் ஓடியது. மணியம் படம் போட்டார். குந்தவை இப்படித்தான் இருப்பாள், கொண்டை இந்தப் பக்கம்தான் சாயும் என்று தமிழ்நாடே முடிவு செய்துவிட்டது. வந்தியத்தேவனை நினைத்தே உருகிய மணிமேகலை அவன் மடியில் உயிர் விட்டாள். அருள்மொழியை விரும்பிய ஓடக்காரப் பெண் பூங்குழலிக்கு மட்டும் சேந்தன் அமுதனைக் கட்டிவைத்து ஆசிரியர் கொஞ்சம் இரக்கம் காட்டினார். அருள்மொழி கிரீடத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கடைசிவரை நெற்றிப்பொட்டில் அடித்தாற்போல் சொல்லவே இல்லை.

1954-ல் தொடர் முடிந்ததும் சண்டை பெரிதானது. திடீரென்று நிறுத்திவிட்டீர்கள், நந்தினி என்ன ஆனாள், குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கல்யாணம் ஆனதா இல்லையா என்று ஒரே கேள்விக்கணை. கல்கி அதற்குத் தனியாக ஒரு முடிவுரை எழுதினார். ஒவ்வொரு பாத்திரமும் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று, ஏதோ சொந்தக்காரர்களைப் பற்றி விசாரித்தவருக்குப் பதில் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். குந்தவை வந்தியத்தேவரின் தேவி என்பது தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டிலேயே இருக்கிறது என்பதால், அந்தக் கல்யாணத்துக்கு அவர் தயங்க வேண்டியிருக்கவில்லை. டிக்கன்ஸ் முடிவை மாற்றினார். இவர் முடிவை அப்படியே வைத்துக்கொண்டு பதில் சொன்னார். இந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது.

2022-லும் 2023-லும் மணிரத்னம் படம் வந்தபோது நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையைப் பார்த்தீர்கள் அல்லவா? பூங்குழலிக்கு அநியாயம் செய்துவிட்டார்கள் என்று, சிமெண்ட் கம்பெனியில் ஜெனரல் மேனேஜராக இருக்கும் நம் நண்பர் ஒருவர் இரவு பன்னிரண்டு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டார். எழுபது வருடம் ஆகியும் வழக்கு முடியவில்லை.

அந்த முடிவுரை எழுதிய வருடமே, டிசம்பர் 5-ஆம் தேதி, 55 வயதில் கல்கி காலமானார். 1956-ல் அலை ஓசைக்கு சாகித்ய அகாதெமி பரிசு வந்தபோது வாங்க அவர் இல்லை. நூற்றாண்டை ஒட்டி அவருடைய எழுத்துக்கள் நாட்டுடைமை ஆயின. அதனால்தான் விடுதியில் நமக்கெல்லாம் மலிவுப் பதிப்பில் ஐந்து பாகமும் கிடைத்தது.

டிக்கன்ஸும் 1870-ல் ஒரு நாவலைப் பாதியில் விட்டுத்தான் இறந்தார். எட்வின் டிரூட்டுக்கு என்ன ஆனது என்று அங்கே இன்றுவரை ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். கல்கி விட்டுப்போனது அமர தாரா. அதை அப்படியே நிற்க விடவில்லை. அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளை எடுத்துக்கொண்டு, அவருடைய மகள் ஆனந்தி உட்கார்ந்து எழுதி முடித்துக் கொடுத்தார்.