ரோஸ்வெல்லில் விழுந்தது பறக்கும் தட்டா? அணுகுண்டை ஒட்டுக்கேட்க பலூன் பறக்கவிட்ட மாரிஸ் யூயிங் யார்?

1947 ஜூலை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ரோஸ்வெல் பக்கத்துல ஒரு பண்ணை நிலத்தில் ரப்பர் துண்டுகளும் பளபளக்கும் தாள்களும் சிதறிக் கிடந்தன. பறக்கும் தட்டு சிக்கிவிட்டதாக முதலில் சொன்னது ராணுவம். சில மணி நேரத்தில், அது வெறும் வானிலை பலூன் என்று மாற்றிச் சொன்னது. ரெண்டுமே முழு உண்மை இல்லை. அதற்குப் பின்னால் ஒரு விஞ்ஞானியின் ரகசிய யோசனை இருந்தது.

கடல் கொடுத்த ஐடியா

மாரிஸ் யூயிங், 1906 மே 12-ல் டெக்சாஸில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். படித்தது இயற்பியல். இரண்டாம் உலகப்போர் காலத்தில் கடலுக்குள் ஒலி எப்படிப் பயணிக்கிறது என்பதை ஆராய்ந்தார். சுமார் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் ஒலி மெதுவாகப் போகும் ஒரு அடுக்கு உண்டு. அதில் சிக்கும் ஒலி, மேலேயும் கீழேயும் சிதறாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். 1944-ல் கடலில் வெடிவைத்து சோதித்து இதை நிரூபித்தார்.

காற்றிலும் இப்படி ஒரு பாதை இருக்குமே? இதுதான் அவருக்கு வந்த அடுத்த கேள்வி.

காதுக்குக் கேட்காத சத்தம்

விநாடிக்கு 20 அதிர்வுகளுக்கும் குறைவான ஒலி நம்ம காதுக்குக் கேட்காது. இதுதான் இன்ஃப்ராசவுண்ட், தமிழில் குற்றொலி. அணுகுண்டு, எரிமலை, விண்கல் என பெரிய வெடிப்புகள் எல்லாமே இதை உண்டாக்கும். அதிக தூரம் போனாலும் இந்த ஒலி சீக்கிரம் தேயாது.

சோவியத் யூனியன் அணுகுண்டு வெடித்தால் எப்படித் தெரிந்துகொள்வது? அமெரிக்காவை உறுத்திய கேள்வி இது. உயரமான வான் அடுக்கில் மைக் கட்டிய பலூன்களை நிறுத்தலாம் என்றார் யூயிங். அப்படித்தான் 'மோகுல்' திட்டம் தொடங்கியது. ரோஸ்வெல்லில் கிடந்தது அந்த பலூன்களின் மிச்சமாகவே இருக்க வேண்டும் என்று 1994-ல் அமெரிக்க விமானப்படை அறிக்கை வெளியிட்டது.

ஆனா, பலூன் ஜெயிக்கல. 1949 ஆகஸ்ட் 29-ல் சோவியத் நடத்திய முதல் சோதனையைக் காட்டிக்கொடுத்தது, விமானம் சேகரித்த காற்றில் இருந்த கதிரியக்கத் தூசு.

உயிர் தப்பியவர்

அதே 1949-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாமாண்ட் ஆய்வகத்தைத் தொடங்கினார் யூயிங். 1954-ல் அட்லான்டிக் புயலில் ஒரு பேரலை அவர் உட்பட நாலு பேரை கப்பலில் இருந்து கடலுக்குள் இழுத்துப் போட்டது. மூணு பேர்தான் மீண்டார்கள். அதுக்கப்புறமும் அவர் கடலை விடல.

அடுத்த ஆண்டே, 1883 கிரகடோவா எரிமலை பற்றி சக விஞ்ஞானி ஃபிராங்க் பிரஸ்ஸுடன் சேர்ந்து எழுதினார். வெகுதூரக் கடல்களிலும் நீர்மட்டம் ஏறி இறங்கியதற்கு, எரிமலை கிளப்பிய காற்றழுத்த அலையே காரணம் என விளக்கினார்கள்.

1974 மே 4-ல் யூயிங் காலமானார்.

இன்று என்ன நிலை?

1996-ல் உருவான அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தத்தின்படி, உலகம் முழுக்க 60 இன்ஃப்ராசவுண்ட் நிலையங்கள் திட்டமிடப்பட்டன. பெரும்பாலானவை இப்போது இயங்குகின்றன. 2013-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே வெடித்த விண்கல்லின் அதிர்வு, அண்டார்டிகா நிலையம் வரை பதிவானது. 2022 டோங்கா எரிமலை வெடிப்பும் இதே கருவிகளில் சிக்கியது.

யூயிங் மைக்கை வானத்தில் தொங்கவிட்டார். இன்றைய நிலையங்கள் தரையில் இருக்கின்றன. ரெண்டும் ஒட்டுக்கேட்பது என்னவோ அதே சத்தத்தைத்தான்.