காந்தியடிகளும் கூலியின் நீதியும்

கைவலிமை எல்லார்க்கும் ஒன்றன்று. பசியோ எல்லார்க்கும் ஒன்றே. அங்ஙனமாயின், ஒரு தொழிலிற் கூடியவர்க்குள் பொருளைப் பங்கிடுவது எவ்வாறு? இவ்வினாவை ஏட்டளவில் விடாது செய்கையிற் சோதித்தவர் மகாத்மா காந்தியடிகள். அவர் சரித்திரத்தில் இப்பகுதியை மட்டும் ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரிற் பிறந்த அடிகள், இங்கிலாந்திற் சட்டம் பயின்று, 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்றார். 1904-இல் டர்பனுக்கு ரயிலிற் செல்லுங்கால், நண்பர் போலக் அளித்த ரஸ்கினது நூலொன்றை வாசித்தார். வக்கீலின் உழைப்பும் நாவிதரின் உழைப்பும் ஒரே மதிப்புடையன என்பது அதில் அவர் கண்ட பொருள். கண்டதை உடனே கைக்கொண்டார். டர்பனுக்கருகே பீனிக்ஸில் நிலம் வாங்கி, அச்சுக்கூடத்தை ஆங்கு மாற்றி, நிறமும் தேசமும் பாராது ஒவ்வொருவர்க்கும் மாதம் 3 பவுண்டு என ஒரே ஊதியம் வகுத்தார். இசையாதவர்க்குப் பழைய சம்பளமே தந்தார், வற்புறுத்தவில்லை.

1925-இல் அகில இந்திய சர்க்கா சங்கம் தோன்றிய பின், தமிழ்நாட்டுக் கதர்த் தொழிலுக்கு நம் திருப்பூர் தலையிடமாய் விளங்கிற்று. ஆயினும் கிராமங்களில் நூற்ற பெண்மக்கள் பெற்ற கூலி மிகச் சொற்பம். 1935-இல் அடிகள் இதனை மாற்றத் துணிந்தார். எட்டு மணிநேரம் செவ்வையாய் நூற்பவர்க்கு ஊணும் உடையும் கிடைக்குமளவே கூலிக்குக் கீழெல்லை என்றார். எட்டணா கொடுக்க விரும்பினார். சங்கம் அதனினும் குறைந்த தொகையிலேயே தொடங்கிற்று. விலையேறினால் விற்பனை குன்றுமென ஊழியர் பலர் அஞ்சினர். ஏழையின் பசியினால் வரும் மலிவு வேண்டாவென்று அடிகள் உறுதியாய் நின்றார். கூலி நூலின் அளவுக்கே தரப்பட்டமையின், கைத்திறன் குறைந்தோர் குறையவே பெற்றனர். ஆதலின் பயிற்சியும் நற்கருவியும் அளிப்பது சங்கத்தின் கடனாயிற்று.

1948 ஜனவரி 30-இல் அடிகள் மறைந்தார், வினா மறையவில்லை. நம் பனியன் கம்பெனிகளில் இன்றும் பீஸ் ரேட் கணக்கே பலர்க்கு உளது. விரைந்து தைக்கும் இளையோர் மிகுதி பெறுவர். கண்ணொளி குன்றிய மூத்தோர் அதே பொழுது அமர்ந்தும் குறையப் பெறுவர். நம் சங்கத்தாருள் முதலாளிமாரும் உளர், தையற்றொழிலாளரும் உளர். திறமைக்கு மிகுதி தருவது தவறென்று யாம் கூறோம். கடைசிக் கையும் குடும்பத்தோடு பசியாறும் அளவை முதலிற் குறித்து, அதன்மேல் திறமையின் கணக்கை எழுதுக என்பதே எம் விண்ணப்பம். அடிகளைப் போற்றுவோர் தத்தம் கூலிப் புத்தகத்தை ஒருமுறை திறந்து பார்ப்பாராக.