கோல்கொண்டே கண்ட கலைஞர்

கல்லும் சுண்ணமும் சேர்ந்தால் கட்டடம் எழும். கலையுள்ளங்களும் சேர்ந்தால்தான் அது காலத்தை வென்று நிற்கும். இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வானூருக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதியான கோல்கொண்டேயைக் கண்டால் போதும். அதனை வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட்.

இன்றைய செக் நாட்டின் கிளாட்னோ நகரில் 1888-இல் பிறந்த இவர், கட்டடக்கலை பயின்று 1910-இல் அமெரிக்கா சென்றார். ஓவியம் தீட்டும் வேட்கையால் இத்தாலி சென்றவரை 1914-இல் மூண்ட போர் திருப்பியனுப்பியது. திரும்பும் கப்பலில் சந்தித்த ஓவியர் நொயேமியை அவ்வாண்டே மணந்தார். 1919-இல் பிராங்க் லாயிட் ரைட்டுடன் டோக்கியோ சென்று, பின்னர் அங்கேயே தனித்துத் தொழில் நடத்தினார். சப்பானிய மரவீடுகளின் எளிமையே அவருக்கு ஆசானாயிற்று.

1930-களின் பிற்பகுதியில் கோல்கொண்டே பணி தொடங்கியது. கட்டுமானத்தை உடனிருந்து கவனித்தவர் அவருடைய உதவியாளர் ஜார்ஜ் நகாஷிமா. 1938-இல் ரேமண்டும் மனைவியுடன் வந்து தங்கினார். கடற்கரை வெப்பத்தை உணர்ந்து, சன்னல்களுக்கு மாற்றாகத் திருப்பக்கூடிய சிமெண்டுப் பலகைகளை அமைத்தனர். வெயிலும் மழையும் தடைபடும். காற்று மட்டும் தாராளமாய் உலவும்! அறைகலன்களை நகாஷிமாவே வடிவமைத்தார்.

போர் வந்தது. சப்பானிய வழியினர் என்பதற்காக நகாஷிமாவும் மனைவியும் கைக்குழந்தையும் 1942-இல் அமெரிக்க முகாமில் அடைக்கப்பட்டனர். 1943-இல் பொறுப்பேற்று மீட்டவர் ரேமண்டே. தம் பண்ணையில் அக்குடும்பத்துக்கு இடமளித்தார். அம்மண்ணில்தான் நகாஷிமா உலகறிந்த மரக்கலைஞராக வளர்ந்தார்.

ஆயினும், அதே 1943-இல் ரேமண்ட் செய்த மற்றொரு செயலை மறைத்தல் முறையன்று. தீக்குண்டுகளைச் சோதிப்பதற்காக, அமெரிக்கப் படையினருக்குச் சப்பானிய வீடுகளின் மாதிரிகளை வடிவமைத்துக் கொடுத்தார். எந்த வீடுகளை நேசித்துக் கற்றாரோ, அவற்றை எரிக்கவே அக்கல்வி பயன்பட்டது! 1945 மார்ச்சில் டோக்கியோ தீக்கிரையானது.

போருக்குப்பின் அந்நகருக்கே திரும்பினார். 1951-இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் கட்டடத்தை எழுப்பினார். அதன் தோட்டத்தைச் சிற்பி இசாமு நொகுச்சி அமைத்தார். அக்கட்டடம் இன்றில்லை. 1976-இல் ரேமண்ட் மறைந்தார்.

ஒரே ஆண்டில் நண்பரின் குடும்பத்தைக் காத்ததும், பிறர் குடும்பங்களை அழிக்கத் துணைபோனதும் ஒரே கைதான். கல்வி ஒரு கருவி. அதனை எதற்குத் தருகிறோம் என்பதே நம்மை அளக்கும் கோல். நண்பர்களே, கோல்கொண்டேயின் குளிர்ந்த நிழலைக் காணும்போது இதனையும் எண்ணிப் பார்ப்போமாக!