ஜெல்லிகளைக் காதலிச்ச டாக்டர்

சுற்றுச்சூழல் அறிவியல் பேப்பர் எழுதியிருப்பீங்க. எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் அதுல இருந்து தப்ப முடியாது. அதுல பக்கத்துக்குப் பக்கம் வர்ற ‘எக்காலஜி’ங்கிற வார்த்தையை 1866-ல் உருவாக்கினவர் எர்ன்ஸ்ட் ஹெக்கல்.

1834 பிப்ரவரி 16-ல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரத்தில் பிறந்தார். வீட்டு ஆசைக்காக டாக்டருக்குப் படிச்சார் (உங்களுக்குப் பழக்கமான கதைதான்). ஆனா 1854-லேயே ஹெலிகோலாந்து தீவில், பேராசிரியர் ஜோஹன்னஸ் முல்லர் கூட வலை போட்டு கடலின் நுண்ணுயிர்களைப் பிடிச்சுப் பார்த்ததும் மனசு மாறிடுச்சு. 1857-ல் பட்டம் வாங்கினாலும் வைத்தியத்தில் நிலைக்கல. இத்தாலியின் மெசினாவில் ரேடியோலேரியா என்ற ஒரு செல் உயிரிகளை மாசக்கணக்கில் வரைஞ்சு, 1862-ல் புத்தகமாக்கி, யேனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அதே வருஷம் சொந்தக்காரப் பெண் அன்னா சேத்தேவுடன் கல்யாணம்.

1864 பிப்ரவரி 16. முப்பதாவது பிறந்தநாள். ஆராய்ச்சிக்காகப் பெரிய பதக்கம் ஒண்ணு அறிவிக்கப்பட்ட அதே நாளில் அன்னா இறந்துபோனார். கல்யாணமாகி ரெண்டு வருஷம்கூட ஆகல. உடைஞ்சுபோன ஹெக்கல் மத்தியதரைக் கடலோரம் நீஸ் பக்கம் போனார். அங்கே தண்ணீரில் ஒரு ஜெல்லி மீன். அதோட உணர்கொம்புகள் அன்னாவின் பொன்னிறக் கூந்தலை ஞாபகப்படுத்த, அதுக்கு அன்னாவின் பெயரையே வச்சார். பல வருஷம் கழிச்சு இன்னொரு ஜெல்லிக்கும் ‘அன்னாசேத்தே’ன்னு பெயர் வச்சார். அதுக்குள்ள மறுகல்யாணம் ஆகியிருந்தது. ரெண்டாவது மனைவி என்ன நினைச்சாங்களோ!

துக்கத்தைத் தூக்கிப்போட அவர் எடுத்த வழி வேலை. டார்வினின் பரிணாமக் கொள்கையை ஜெர்மனி முழுக்கக் கொண்டுபோனார், எல்லா உயிர்களையும் மரம் மரமா வரைஞ்சு இணைச்சார். இங்கேதான் சீப்பு ஜெல்லி வருது.

பார்த்தா ஜெல்லி மீன் மாதிரியே இருக்கும், ஆனா வேற இனம். உடம்பில் எட்டு வரிசை. ஒவ்வொண்ணிலும் சீப்புப் பல் மாதிரி நுண்ணிழைத் தகடுகள். அதை அசைச்சுத்தான் நீந்தும். அதில் ஓடுற வானவில் அதோட சொந்த வெளிச்சம் இல்ல, தகடுகளில் ஒளி சிதறுறதால வர்றது. ஜெல்லி மீனுக்குக் கொட்டுற செல் உண்டு. இதுக்கு ஒட்டுற செல். பசை தடவிய கயிறு மாதிரி இரையைப் பிடிக்கும்.

சீப்பு ஜெல்லி ஜெல்லி மீன்ல இருந்துதான் வந்திருக்கணும்னு ஹெக்கல் நம்பினார். ரெண்டுக்கும் நடுவிலான இணைப்புன்னு 1879-ல் ஒரு ஜெல்லியைக் காட்டி, அதன் பெயரிலேயே ‘சீப்பு’ங்கிற அர்த்தத்தையும் சேர்த்தார். அந்த இணைப்பு நிக்கல. 2023-ல் குரோமோசோம்களை ஒப்பிட்ட ஒரு ஆய்வு, மத்த எல்லா விலங்குகளிடம் இருந்தும் முதல்ல பிரிஞ்ச கிளையே சீப்பு ஜெல்லிதான்னு சொல்லுது. வாதம் இன்னும் முடியல.

முன்முடிவு அவரை வேற இடத்திலும் கவுத்துச்சு. 1868 புத்தகத்தில் நாய், கோழி, ஆமை மூணோட கருவுக்கும் ஒரே அச்சுப் படத்தைப் போட்டு, எவ்வளவு ஒத்திருக்கு பாருங்கன்னார். சக விஞ்ஞானிகள் பிடிச்சுட்டாங்க. அடுத்த பதிப்பில் மாத்தினார். ஆனா கெட்ட பேர் சாகிற வரை போகல. அதைவிட மோசம், மனித இனங்களை உயர்வு தாழ்வுன்னு அடுக்கினது. அதுக்குச் சப்பைக்கட்டு கட்ட என்னால முடியாது.

ஓவியத்தில் மட்டும் ஆளை அசைக்க முடியாது. 1899 முதல் 1904 வரை வந்த ‘இயற்கையின் கலை வடிவங்கள்’ தொகுப்பின் நூறு தாள்களில் 27-வது முழுக்க சீப்பு ஜெல்லிகள். நெட்ல கிடைக்குது, பாருங்க. யேனாவில் ‘வில்லா மெடூசா’ன்னு ஜெல்லி பேரையே வச்ச வீட்டில் வாழ்ந்து, 1919 ஆகஸ்டில் இறந்தார்.

அவர் பெயரில் ஒரு சீப்பு ஜெல்லி இருக்கு, ஹெக்கேலியா. ஒட்டுற செல் இருக்க வேண்டிய இடத்தில், ஜெல்லி மீன் மாதிரியே கொட்டுற செல் இதுக்கு மட்டும் உண்டு. ஆஹா, இணைப்பு கிடைச்சாச்சுன்னு தோணும். அப்புறம்தான் தெரிஞ்சது, அது தின்ன ஜெல்லி மீன்கிட்ட இருந்து திருடினது.